கண்ணாடிக் கூரையும் ஒற்றைக் குருத்தும்

தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் 1846ஆம் ஆண்டு திரட்டப்பட்ட பனை விதையொன்று, இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியில் தேம்சு ஆற்றங்கரையை ஒட்டியுள்ள கியூ அரசுப் பூங்காவில் முளைவிட்டது. சாம்பல் நிறப் பருத்த அடிமரம் கொண்ட அந்தச் சிலி நாட்டுப் பனை, கண்ணாடிக் கூரையின் கீழ் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வாழ்ந்தது. 16 மீட்டருக்கும் மேல் உயர்ந்து, கட்டடத்துக்குள் வளரும் நிலைத்திணைகளுள் உலகிலேயே மிக உயர்ந்தது என்று பெயர்பெற்றது. அது நின்றிருந்த மிதவெப்பக் கண்ணாடி இல்லத்தை 2013 முதல் 2018 வரை புதுப்பித்தபோது அதை வெட்டி வீழ்த்தினார்கள். நோய் காரணமன்று, முதுமையும் காரணமன்று. அதன் தலை கூரையை எட்டிவிட்டது. பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நடவும் வழியில்லை.

அவ்விடத்தில் வேறொரு மரம் நின்றிருந்தால் கவாத்துச் செய்து காப்பாற்றியிருப்பார்கள். மாவும் வேம்பும் கிளை முறிந்தால் பக்கத்தில் தளிர்க்கும். அடியோடு வெட்டிய புங்கமும் தழையும். பனைக்குக் கவாத்து என்பதே இல்லை. தென்னை, கமுகு, ஈச்சு, கூந்தற்பனை, தாளிப்பனை, காட்டில் பற்றியேறும் பிரம்பு ஆகியவற்றையெல்லாம் உள்ளடக்கிய பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் உள்ளன. மிகச் சிலவற்றை நீக்கினால், அவை அனைத்திலும் ஒரு தண்டுக்கு ஒரே குருத்துதான். மடல்கள் அரண்போலச் சூழ்ந்த உச்சியின் நடுவே, வெண்ணிறமாய், மென்மையாய், நீர் மிகுந்து இருக்கும் அந்தச் சிறு ஆக்குத்திசுவிலிருந்தே ஒவ்வோர் ஓலையும், ஒவ்வொரு பாளையும், தண்டின் ஒவ்வோர் அங்குலமும் பிறக்கின்றன. அது அழிந்தால், ஏற்கெனவே விரிந்த ஓலைகள் தம் நாளை முடித்துக்கொண்டு விழும். புதிய ஓலை வராது. குலையாக வளரும் இனங்கள் அடியில் பக்கக் கன்றுகளை விடுவது உண்டு. அக்கன்றுகளிலும் தண்டுக்கொரு குருத்து என்ற விதி மாறுவதில்லை.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது நூலறிவன்று. காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைத்தாலோ, மழைக்காலத்தில் குருத்தழுகல் கண்டாலோ, அவர்கள் பதறுவது ஓர் ஓலைக்காக அன்று, மரம் முழுமைக்காக. பனையேறும் தொழிலின் நுட்பமும் இந்த அறிவின்மேல் எழுந்ததே. பனையேறி சீவுவது பாளையை மட்டுமே. குருத்தின்மேல் அவர் கத்தி படுவதில்லை. அதனால் ஒரே மரம் ஆண்டுதோறும் பதநீர் தருகிறது. சிலி நாட்டில் நடந்தது வேறு. அங்கே இனிப்புச் சாற்றுக்காக மரத்தையே சாய்த்து, தலையைக் கொய்து, வழியும் சாற்றைப் பல வாரங்கள் வடித்தெடுத்தனர். 1834இல் அந்நாட்டுக்குச் சென்ற சார்லசு தார்வின் இவ்வழக்கத்தைத் தம் பயண நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பனைக்காடுகள் பெரிதும் சுருங்கிப்போனதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். பாளையில் நின்ற கத்திக்கும் குருத்துவரை சென்ற கத்திக்கும் உள்ள வேறுபாடு, ஒரு காட்டின் இருப்புக்கும் இழப்புக்கும் உள்ள வேறுபாடாகிவிட்டது.

குருத்து ஒன்றே என்பது பனையின் ஒரு தனித்தன்மை. தண்டு மீண்டும் பருக்காது என்பது மற்றொன்று. தேக்கு ஆண்டுதோறும் பட்டைக்குக் கீழே புதிய கட்டையை அடுக்குகிறது. அதனால் பருக்கிறது, காயத்தை மூடுகிறது, அடைபட்ட நீர்க்குழாய்களுக்கு ஈடாகப் புதியன படைக்கிறது. இப்பணியைச் செய்யும் வளர்படை பனையில் கிடையாது. ஆண்டு வளையமும் கிடையாது. பனந்தடியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் கருநிற நார்க்கற்றைகள் புள்ளிபுள்ளியாகச் சிதறியிருக்கும். விளிம்பை நெருங்க நெருங்க அவை செறிந்து இரும்பெனக் கடினமாகும். நடுவிலோ வெறும் சோற்றுப்பகுதி. வீடு வேய்வோர் பனையின் புறப்பகுதியைப் பிளந்து கைமரமாக்கி, உட்பகுதியைக் கழித்துவிடுவது இதனால்தான். தொல்காப்பிய மரபியல் உள்ளே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும், புறத்தே வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும் வகுத்தது. பனையையும் நெல்லையும் மூங்கிலையும் ஒருவித்திலைத் தொகுதியில் சேர்த்துவைக்கும் இன்றைய நிலைத்திணையியல், வேறு பாதையில் நடந்து அதே எல்லைக்கோட்டுக்கு அருகில் வந்து நிற்கிறது.

வளர்படை இல்லாததன் விளைவு வியப்பானது. தேக்கின் நடுவயிரம் உயிரற்றது. உயிர் விளிம்பில் ஒரு மெல்லிய வளையமாக மட்டுமே இருக்கிறது. பனையிலோ தண்டின் உட்பகுதியிலுள்ள உயிரணுக்கள் தாம் பிறந்த இடத்திலேயே, மரம் உள்ளவரை, சில இனங்களில் நூறாண்டுக்கும் மேலாக உயிரோடு இயங்குகின்றன. நிலைத்திணை உலகில் இவ்வளவு நீண்ட காலம் பணிசெய்யும் அணுக்கள் அரியவை. கியூவில் நின்ற சிலி நாட்டுப் பனையின் அடிமரத்தில், விக்டோரியா அரசியார் காலத்தில் உருவான அணுக்கள் மரம் வெட்டுண்ட நாள்வரை உணவைக் கடத்தியபடி இருந்திருக்க வேண்டும். எனக்கு அந்த மரத்தின் உயரத்தைவிட இதுவே பெரிய செய்தி.

மீண்டும் பருக்க இயலாதது தொடக்கத்திலேயே பருத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பனங்கன்று முதற்சில ஆண்டுகள் மேலே எழுவதில்லை. மண்மட்டத்தில் இருந்தபடியே ஓலைக்கு ஓலை அகன்று, தான் என்றைக்கும் தாங்கவேண்டிய பருமனை அடைகிறது. அதன்பிறகே உயரத் தொடங்குகிறது. பொறுமையில்லாதவர் கன்று வளரவே இல்லை என்று நினைக்கும் அந்த ஆண்டுகளில்தான் மரத்தின் அடித்தளம் முழுவதும் அமைகிறது.

இத்தகைய உயிரினத்துக்கென்றே எழுப்பப்பட்டது கியூ பூங்காவின் பனை இல்லம். டெசிமசு பர்ட்டன் என்னும் கட்டடக் கலைஞரும், ரிச்சர்டு டர்னர் என்னும் இரும்பு வினைஞரும் சேர்ந்து 1844 முதல் 1848 வரை அதைக் கட்டினர். நீளம் ஏறத்தாழ 110 மீட்டர். நடுக்கூடத்தின் உயரம் ஏறத்தாழ 20 மீட்டர். பனை விரித்த தலைக்கு இடையில் தூண் நிற்கலாகாது என்பதால், கப்பல் கட்டுவோர் பயன்படுத்திய தேனிரும்பு வில்வளைவுகளைக் கொண்டு கூடத்தை வளைத்தனர். முதலில் பதித்த கண்ணாடிக்கு, வெயில் ஓலையைக் கருக்காதிருக்கப் பச்சை நிறம் ஊட்டியிருந்தார்கள். இலண்டன் புகையே ஒளியைக் குறைத்ததால் பிற்காலத்தில் அதைக் கைவிட்டனர். கொதிகலன்களின் புகையை நிலத்தடிச் சுருங்கை வழியே தொலைவில் நின்ற ஒரு கோபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1984 முதல் 1988 வரை நடந்த பெரும் புதுப்பிப்பில் இல்லம் முழுதும் காலி செய்யப்பட்டது. துருவேறா எஃகில் 16 கிலோமீட்டர் நீளத்துக்குச் சட்டங்கள் புதிதாகப் பொருத்தப்பட்டு, ஏறத்தாழ 16,000 கண்ணாடிகள் பதிக்கப்பட்டன.

உள்ளே நுழைந்ததும் மூக்குக்கண்ணாடி மங்கிவிடும். தென்சிறகில் ஆப்பிரிக்கா, நடுவில் அமெரிக்கா, வடசிறகில் ஆசியாவும் பசிபிக் தீவுகளும் எனத் தாயகவாரியாக நட்டிருக்கிறார்கள். தரையில் நடப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தண்டுகளும் நிழலும்தான். பனையைக் காண விரும்புவோர் சுழற்படிகளில் ஏறி, 9 மீட்டர் உயரத்தில் சுற்றிவரும் இரும்பு மாடத்துக்குச் செல்ல வேண்டும். மரமேறுபவர் மட்டுமே காணும் காட்சி, அதாவது பனையின் தலையை மேலிருந்து நோக்கும் காட்சி, அங்கே எல்லோருக்கும் கிட்டுகிறது.

அங்கு நின்று, இன்னும் விரியாத ஓர் இளங்குருத்தோலையைக் கூர்ந்து பார்க்கலாம். வேல்போல் நிமிர்ந்து நிற்கும் அதன் பக்கவாட்டில் நெருக்கமான வரிகள் ஓடும். ஒவ்வொரு வரியும் ஒரு மடிப்பு. வேம்பின் சிற்றிலைகள் தனித்தனி அரும்புகளாகத் தோன்றுபவை, பனையோலை அப்படியன்று. அது ஒரே பரப்பாக, மடக்கு விசிறிபோல மடிந்தே உருவாகிறது. பின்னர் மடிப்புக் கோடுகளின் வழியே கிழிந்து கீற்றுகளாகிறது. தென்னையோலைக் கீற்று ஒன்றின் அடியைத் தொட்டால் கூரைமுகடுபோல் மடிந்திருப்பதை விரல் உணரும். அந்தப் பழைய மடிப்பின் எச்சம் அது. காண்டாமிருக வண்டு ஒரே துளை போட்ட குருத்து, விரிந்தபின் இருபுறமும் ஒத்த முக்கோண வெட்டுகளைக் காட்டுவதும் இதனாலேயே. துளை ஒன்று, அது ஊடுருவிய மடிப்புகள் பல.

இத்தனை இரும்பும் கண்ணாடியும் நெருப்பும் எதற்கு என்றால், மீண்டும் அந்தக் குருத்துக்காகத்தான். குளிர்நாட்டு மரங்கள் இலையுதிர்த்து, அரும்பைச் செதிலால் மூடி உறங்கும். பனைக்கு உறக்கம் தெரியாது. நீர்நிறைந்த குருத்து உறைந்தால் மரம் மாளும். குழாய்களில் நீர் உறைந்து காற்றுக்குமிழிகள் அடைத்துக்கொண்டால், புதிய குழாய்களை ஆக்கும் வளர்படையும் இல்லை. சீன மலைப்பகுதியைச் சேர்ந்த கம்பளிநார்ப் பனைபோன்ற சில இனங்கள் இலண்டனின் திறந்தவெளியிலும் தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் குடும்பத்தின் பெருந்திரள் வெப்ப மண்டலத்தைவிட்டு வெளியே வரவில்லை.

இதனால்தான் நிலவியலாளர் பாறையில் பனையைக் கண்டால், அங்கே ஒருகாலத்தில் கடும்பனி இல்லை என்று துணிகிறார்கள். அப்படி ஒரு பாறை கியூவிலிருந்து வெகுதொலைவில் இல்லாத இடத்திலேயே இருக்கிறது. தேம்சு ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள செப்பி தீவில், இலண்டன் களிமண் எனப்படும் படிவத்திலிருந்து நீர்ப்பனையின் கல்லான காய்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இன்றைக்கு வங்கத்தின் சுந்தரவனத்திலும் இலங்கையின் கழிமுகங்களிலும் தென்கிழக்காசியக் கரைகளிலும் சேற்றில் நிற்கும் அதே நீர்ப்பனையின் இனவழி அது. அப்படிவத்தின் அகவை ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள். பவர்பாங்கு என்னும் ஆய்வாளர் அந்தக் காய்களை விளக்கும் நூலை வெளியிட்டது 1840இல். பனை இல்லத்தின் கட்டுமானம் தொடங்கியது அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து. நெருப்பு மூட்டி இலண்டனுக்குள் வரவழைத்த பனை, நெருப்பில்லாமலே அந்நிலத்தில் வாழ்ந்த பனையின் உறவு.

கூரைக்குள் நிற்கும் பனைகளுள் சில, தாயகத்தில் ஏறக்குறைய அற்றுப்போனவை. மொரீசியசை அடுத்த வட்டத்தீவின் குப்பிப்பனை அப்படிப்பட்டது. மனிதர் கொண்டுவந்து விட்ட ஆடுகளும் முயல்களும் முளைக்கும் கன்றையெல்லாம் மேய்ந்ததால், தீவில் முதிர்ந்த மரங்கள் பத்துக்கும் குறைவு என்ற நிலை வந்தது. பனங்கன்று மண்மட்டத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதாகச் சொன்னேன். அதன் குருத்து ஆட்டின் வாய்க்கு எட்டும் காலமும் அதுவே. 1979இல் ஆடுகளும் 1986இல் முயல்களும் அகற்றப்பட்டபின் கன்றுகள் மீண்டும் நிலைக்கத் தொடங்கின.

அதன் உறவினமான மற்றொரு பனைக்கு அந்த வாய்ப்பும் இல்லை. மொரீசியசின் கியூர்பிப்பு தாவரத் தோட்டத்தில் ஒரே ஒரு மரம் நிற்கிறது. உலகில் அவ்வினத்தின் வேறு மரம் எதுவும் அறியப்படவில்லை. அதன் ஆண்பூக்களும் பெண்பூக்களும் வெவ்வேறு காலத்தில் மலர்வதால் விதை பிடிப்பது அரிது. ஆய்வகக் குடுவையில் கருவைப் பிரித்து வளர்த்த நாற்றுகள் மண்ணுக்கு மாற்றியபின் பிழைக்கவில்லை. கிளையை ஒடித்துப் பதியன் போடலாம் என்றால், பனைக்குக் கிளை இல்லை. ஓரினம் முழுவதும் இன்று ஒரு தண்டின் உச்சியில், ஒரு குருத்தில் தங்கியிருக்கிறது. கண்ணாடி இல்லங்களுக்கு ஆகும் எரிபொருளும் செலவும் தகுமா என்று கேட்பவர்களுக்கு, நான் அந்த மரத்தைச் சுட்டியே தகும் என்பேன்: அவ்வினத்தின் பல மரங்களிலிருந்து விதைகள் விழுந்த காலத்தில் நாலைந்து கூரைகளின் கீழ் அவற்றை முளைக்க வைத்திருந்தால், இன்று குடுவைகளோடு போராட நேர்ந்திருக்காது.