பன்றிக்கறி புகாத வீட்டிலும் பன்றி நாடாப்புழு

நம் வீடுகளில் பன்றி இறைச்சிக்கு இடமில்லை. அதனால் பன்றிப் புழுவால் வரும் நோய் நமக்கு வராது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அந்தக் கணக்கு சரியில்லை.

நியூயார்க் நகரில் மார்க்கம் பேணி வாழும் யூதக் குடும்பங்களில், ஒருவருக்கொருவர் உறவில்லாத நான்கு பேருக்குத் திரும்பத் திரும்ப வலிப்பு வந்தது. மூளையில் பன்றி நாடாப்புழுவின் கட்டிகள் இருந்தன. அவர்களுக்கும் பன்றி விலக்கப்பட்டதே. அவர்கள் அதைத் தொட்டதில்லை. அந்த வீடுகளில் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த பணியாளர்கள் வேலை செய்தார்கள். அவர்களைப் பரிசோதித்தபோது ஒருவரின் குடலில் நாடாப்புழு இருந்தது. இந்த விவரம் 1992இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது.

இது எப்படி நடக்கிறது? வெளியில் திரியும் பன்றி மனித மலத்தைத் தின்னும்போது புழுவின் முட்டைகள் அதன் வயிற்றுக்குள் போகின்றன. பிறகு அதன் தசையில் சிறுசிறு நீர்க்கட்டிகளாகத் தங்குகின்றன. அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவரின் குடலில், பல மீட்டர் நீளத்துக்கு நாடாப்புழு வளர்கிறது. பெரும்பாலும் அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆனால் அவருடைய மலத்தில் முட்டைகள் வெளியேறிக்கொண்டே இருக்கும். கழிப்பறைக்குப் போய்விட்டுக் கை கழுவாமல் அவர் சமைத்தாலோ பரிமாறினாலோ, அந்த முட்டைகள் மற்றவர் வயிற்றுக்குள் போகும். அங்கிருந்து இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து கட்டியாகும். ஆக, மூளைக் கட்டி வருவது பன்றிக்கறியால் அல்ல, மனித மலத்தின் முட்டையால்.

பன்றியைக் கொட்டிலில் அடைத்து, சுத்தமான தீனி போட்டு வளர்த்தால் இந்தச் சுழற்சி அறுந்துவிடும். பன்றிகளுக்குத் தடுப்பூசியும் உண்டு. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களில்தான் நோய் நிலைத்திருக்கிறது. இந்தப் புழு பரவியுள்ள பல பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பிள்ளைக்குத் திடீரென வலிப்பு வந்தால் ஜின் தீண்டியது என்று மாதக்கணக்கில் ஓதிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு. துஆ செய்யுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கே மருத்துவமனைக்கும் கொண்டுபோங்கள். ஸ்கேன் எடுத்தால் கட்டி தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கழிப்பறை போய்வந்த பின்பும் சமைக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்; வெறும் தண்ணீர் போதாது. பச்சையாகத் தின்னும் வெங்காயம், மல்லித்தழை, கேரட், வெள்ளரியை ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். வேலைக்கு வரும் பெண்ணைச் சந்தேகக் கண்ணோடு பார்த்து நிறுத்திவிடாதீர்கள். புழு இருந்தால் அவரும் நோயாளிதான். மருத்துவர் தரும் மாத்திரையில் அது போய்விடும்.

ஒன்று மட்டும் கவனம். வலிப்பு உள்ளவர்கள் மருந்துக்கடையில் தாங்களாகவே பூச்சி மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. மூளையில் கட்டி இருந்தால், புழு சாகும்போது அதைச் சுற்றி வீக்கம் கண்டு வலிப்பு கடுமையாகலாம். அதனால்தான் மருத்துவர் முதலில் ஸ்கேன் பார்த்து, வீக்கத்தைக் குறைக்கும் மருந்தையும் சேர்த்துத் தருகிறார்.