தேத்தண்ணியும் தனிப்பேணியும்

ஒருவர் எதில் தேத்தண்ணி குடிக்கிறார் என்று பார்த்தே அவரது சாதியைச் சொல்லிவிடக்கூடிய காலம் ஒன்று எங்கள் கரவெட்டியில் இருந்தது.

தேநீரை வைத்து ஆளை அளப்பது எங்களுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. எங்களுக்குத் தேயிலையைப் பழக்கிய பிரித்தானியரிடமும் அது இருந்தது. 1840களில் பெட்ஃபோர்ட் கோமகள் அன்னா தொடக்கியதாகச் சொல்லப்படும் பிற்பகல் தேநீர், மெல்லிய சான்ட்விச்சும் கேக்குமாகச் செல்வந்தரின் வரவேற்பறைக்கு உரியது. ‘ஹை ரீ’ என்றதும் இன்று நாங்கள் பெரிய ஹோட்டல்களை நினைக்கிறோம். ஆனால் அது வேலை முடிந்து வந்த தொழிலாளியின் மாலைச் சாப்பாடு. இறைச்சி, பாண், கடுஞ்சாயத் தேநீர் என்று வயிறு நிரம்பச் சாப்பிடுவார்கள்.

அங்கே வேளையும் உணவும் வர்க்கத்தைக் காட்டின. இங்கே பாத்திரம் சாதியைக் காட்டியது. தேநீர்க் கடைகளில் ஒரு பகுதியினருக்குக் கண்ணாடி ரம்ளர். ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தகரப்பேணி, போத்தல், சிரட்டை. வாங்கிலும் அவர்கள் இருக்க முடியாது.

1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. ஆனாலும் கடைக்காரர்கள் போத்தலைக் கைவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. கரவெட்டியின் கன்பொல்லைக் கிராமமும் அவற்றில் நின்றது. ஒரு ரம்ளர் தேநீருக்காக உயிர்களும் போயின.

கடைகள் மாறின. வீடுகள் மாறவில்லை. எங்கள் அம்மம்மாவின் வீட்டில் பின்தாழ்வாரத்தில் தனிப்பேணி ஒன்று தொங்கியது. அது யாருக்கென்று நான் கேட்டதில்லை, கேட்காமலே தெரியும்.

1995இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டிலும் சனம் நிரம்பியது. சீனி இல்லை. ஒரே பானையில் கொதித்த சாயத்தைப் பனங்கட்டியைக் கடித்தபடி எல்லோரும் குடித்தோம். கையில் அகப்பட்ட பேணிதான். அம்மம்மா ஒருவரிடமும் ‘நீங்கள் எந்தப் பகுதி’ என்று விசாரிக்கவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போன பிறகு, தாழ்வாரத்துப் பேணி மறுபடியும் தன் ஆணியில் தொங்கியது. அதைக் கொழுவியது நான்தான். கொழுவச் சொன்னது அம்மம்மா.

இப்போது அந்த ஆணி இல்லை. அண்மையில் உறவினர் வீட்டுச் செத்தவீட்டில், எங்களுக்குக் கண்ணாடிக் கிளாசிலும் பறையடித்தவர்களுக்குக் கடதாசிக் கோப்பையிலும் தேத்தண்ணி வந்தது. கேட்டால் சுகாதாரம் என்பார்கள். அப்படியானால் எங்களுக்கு ஏன் கிளாஸ்? அன்றும் நான் கேட்கவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.