மஜ்ரீத் என்னும் மாட்ரிட்

ஐரோப்பியத் தலைநகரங்களைக் காணப் புறப்படும் அன்பர்களே! ஸ்பெயின் நாட்டு மாட்ரிட்டுக்கு நீங்கள் செல்வீர்களாயின், வழிகாட்டுவோர் உங்களை எங்கெங்கே அழைத்துச் செல்வார்கள்? பிராடோ ஓவியக்கூடத்திற்கு, அரச மாளிகைக்கு, அதன் எதிரே நிற்கும் அல்முதேனா பேராலயத்திற்கு. மூன்றும் காணத்தக்கனவே. ஆயினும் அவ்வளவோடு திரும்பிவிடாதீர்கள். பேராலயத்தின் பின்புறத்தில் சரிவான தெருவொன்று இறங்குகிறது. குவெஸ்தா தெ லா வேகா என்பது அதன் பெயர். சில நிமிடங்கள் அதில் நடந்தால் ஒரு பழைய மதில் உங்கள் எதிரே நிற்கும்.

பார்வைக்கு அது பெரிதன்று. அடியில் சிக்கிமுக்கிக் கற்கள். மேலே சுண்ணாம்புக் கற்கள். இடையிடையே சதுரமான காவற்கோபுரங்கள். பிற்காலக் கிறிஸ்தவ மன்னர்கள் கட்டிய மதிலின் கோபுரங்களோ அரைவட்டமானவை. இந்த ஓர் அடையாளத்தைக் கொண்டே இரண்டையும் நீங்கள் பிரித்தறியலாம்.

இம்மதிலை எழுப்பியவர் யார் தெரியுமா? 852 முதல் 886 வரை குர்துபாவிலிருந்து ஆண்ட அமீர் முஹம்மத் ஆவார். வடக்கே கிறிஸ்தவ அரசுகளின் படையெடுப்பு. தெற்கே அடிக்கடி கலகம் செய்த தொலேதோ நகர். இரண்டின்மீதும் கண் வைத்திருக்க மன்சனாரெஸ் ஆற்றங்கரை மேட்டில் அவர் அமைத்த கோட்டையே மஜ்ரீத். அந்தப் பெயர்தான் காலப்போக்கில் மாட்ரிட் எனத் திரிந்தது. ஆம்! மேற்கு ஐரோப்பாவின் இன்றைய பெருந்தலைநகர் ஒன்று ஒரு முஸ்லிம் அமீரின் கைப்பட்டுப் பிறந்த ஊராகும். 1954இல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட அம்மதிலை ஒட்டிய பூங்காவுக்கு இன்று அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள்.

மீண்டும் மேலேறிப் பேராலயத்தின் முன் நில்லுங்கள். அல்முதேனா என்னும் சொல்லைச் சற்றே காது கொடுத்துக் கேளுங்கள். மதீனா என்னும் சொல் உங்களுக்குப் புதிதன்று. அதன் குறுமை வடிவம் முதைனா. சிறு நகர், கோட்டை என்பது பொருள். 1085இல் ஆறாம் அல்போன்சோ ஊரைக் கைப்பற்றியபோது, கோட்டை மதிலுக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்த அன்னை மர்யமின் உருவம் வெளிப்பட்டது என்பது அவ்வூர்க் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. மதிலின் பெயரே அவ்வன்னைக்கும் பெயராயிற்று. 1993இல் போப் இரண்டாம் ஜான் பால் அர்ப்பணித்த அப்பேராலயம் இன்றும் மர்யம் (அலை) அவர்களை ஓர் அரபுச் சொல்லாலேயே அழைக்கிறது!

நீரின் கதையும் அத்தகையதே. மண்ணுக்கடியில் சுரங்கம் வெட்டி, வாட்டம் பார்த்து, ஊற்றுநீரை ஊருக்குள் கொணரும் கலையை முஸ்லிம்கள் அங்கே பரப்பினர். நீரோடும் கால்வாயைக் குறிக்கும் மஜ்ரா என்னும் சொல்லிலிருந்தே ஊரின் பெயர் பிறந்தது என்பர் அறிஞர் ஒருசாரார். 1858இல் லொசோயா ஆற்றுநீர் குழாய் வழி வந்து சேரும்வரை இத்தகைய சுரங்கக் கால்வாய்களே மாட்ரிட்டின் தாகம் தீர்த்தன.

அவ்வூர் ஈன்ற பேரறிஞர் ஒருவரையும் அறிந்துகொள்ளுங்கள். மஸ்லமா அல்மஜ்ரீத்தி என ஊர்ப்பெயரையே தம் பெயராகக் கொண்டவர் அவர். குவாரிஸ்மியின் வானியல் அட்டவணைகளை ஹிஜ்ரி ஆண்டுக்கும் குர்துபாவின் தீர்க்கரேகைக்கும் ஏற்பத் திருத்தியமைத்தார். அத்திருத்தமே 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குச் சென்று ஐரோப்பிய மாணவர்களின் கையில் தவழ்ந்தது. ஓவியக்கூடத்தில் மணிக்கணக்கில் நிற்கும் பயணிகளுள் எத்தனை பேர் இப்பெயரைக் கேட்டிருப்பார்கள்?

1085க்குப் பின்னரும் முஸ்லிம்கள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. மொரேரியா என இன்றும் வழங்கும் பகுதியில் அவர்கள் வாழ்ந்தனர். கொத்தர்களாகவும் தச்சர்களாகவும் ஊருக்கு உழைத்தனர். சான் நிக்கொலாஸ் ஆலயத்தின் செங்கற்கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். அதன் வளைவுகள் பள்ளிவாசலின் வளைவுகளை நினைவூட்டும். அத்தகைய மக்களுக்கு 1502இல் ஆணை பிறந்தது: மதம் மாறுக, இன்றேல் நாட்டை விட்டு வெளியேறுக! மாறியவர்களின் வழித்தோன்றல்களையும் விட்டார்களில்லை. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ 3 லட்சம் பேர் ஸ்பெயினிலிருந்து கடல் கடத்தப்பட்டனர். அதற்குள் மாட்ரிட், 1561இல் இரண்டாம் பிலிப் அரசவையைக் கொணர்ந்ததனால், ஒரு பேரரசின் தலைநகராகியிருந்தது.

தொழுகைக்கு இடம் தேடுவோர் நகரின் சுற்றுச்சாலையோரம் 1992இல் திறக்கப்பட்ட இஸ்லாமியப் பண்பாட்டு மையத்தின் பள்ளிவாசலுக்குச் செல்லலாம். கிரனாடா வீழ்ந்து சரியாக 500 ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது.

விடைபெறுமுன் இன்னும் ஓரிடம். பேராலயத்தை விட்டுப் பெருந்தெருவுக்கு வரும் மூலையில், பழைய சாந்தா மரியா ஆலயத்தின் அடித்தளம் தரையடியில் கண்ணாடிக்குள் கிடக்கிறது. தெருவை அகலப்படுத்துவதற்காக 1868 அளவில் அவ்வாலயத்தை இடித்தார்கள். ஊரின் பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்திலேயே அது எழுந்தது என்பது வழிவழிச் செய்தி. அருகிலுள்ள கம்பித் தடுப்பின்மீது சாய்ந்து, குனிந்து அக்கற்களையே உற்றுநோக்கியபடி ஒருவர் நிற்பார். பேசிப் பார்க்காதீர்கள், அவர் வெண்கலச் சிலை. அவரருகே நீங்களும் சிறிது நேரம் நின்று பாருங்கள்.