கருகாமல் சீவும் ஒளி

1981 நவம்பர். அமெரிக்கர்களின் நன்றி நவிலல் திருநாள் முடிந்த மறுநாள். நியூயார்க் மாநிலத்தின் யார்க்டவுன் ஹைட்சில் இருக்கும் ஐபிஎம் ஆய்வுக்கூடத்துக்கு, விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டுகளோடு வந்து சேர்ந்தார் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போன வேதியியலாளர். பிளாஸ்டிக் வகைப் பொருள்களில் நுண்ணிய கோடுகளைச் செதுக்க அவர் பயன்படுத்தியது எக்சைமர் லேசர், அதாவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வீசும் லேசர். அதை எலும்பிலும் குருத்தெலும்பிலும் பாய்ச்சினால் என்ன ஆகும்? பாய்ச்சிப் பார்த்தார். கதிர் பட்ட இடத்தில் ஓரம் பிசகாத பள்ளம் விழுந்தது. கருகலே இல்லை. பச்சை நிற லேசரால் வெட்டிப் பார்த்தபோதோ திசு தீய்ந்துபோனது.

இன்று லேசிக் சிகிச்சையில் கண்ணின் ‘பவரை’ நீக்குவது இதே கதிர்தான். “லேசர் கண்ணைச் சுட்டுவிடாதா?” என்று கேட்பவர்களுக்கு அந்த வான்கோழியே பதில் சொல்லிவிட்டது.

சுடாததற்குக் காரணம் அதன் அலைநீளம்: 193 நானோமீட்டர். இந்த அலைநீளத்தில் ஒவ்வொரு ஒளித்துகளும் கார்பன் அணுக்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பையே அறுக்கும் ஆற்றல் கொண்டது. பிணைப்பு அறுந்த மூலக்கூறுத் துணுக்குகள், சுற்றியுள்ள திசுவுக்கு வெப்பம் பரவுவதற்குள் பறந்துவிடுகின்றன. ஒரு துடிப்புக்குச் சுமார் கால் மைக்ரான் ஆழம் போகும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடி ஒன்றில் இந்த லேசரால் வரிசையாகப் பள்ளம் வெட்டி எடுத்த நுண்ணோக்கிப் படம் அறிவியல் உலகில் பிரபலம். கதிர் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடுவதால் கண்ணின் உள்ளே இருக்கும் லென்சையோ விழித்திரையையோ அது எட்டுவதில்லை. சிகிச்சையின்போது முடி கருகுவதைப்போல ஒரு வாசம் வந்ததாகப் பலர் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், எதுவும் எரியவில்லை. சிதறிப் பறக்கும் துணுக்குகளின் வாசம் அது.

ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவர் ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து மாட்டுக் கண்களில் சோதித்து 1983இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 1988இல் மார்கரிட் மெக்டொனால்ட் என்ற கண் மருத்துவர் பார்வையுள்ள மனிதக் கண் ஒன்றில் முதன்முதலாக இந்த லேசர் சிகிச்சையைச் செய்தார்.

சரி, எதைச் செதுக்குகிறார்கள்? கண்ணின் முகப்பில் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் குவிந்த படலத்தை. மருத்துவமனைகளில் கருவிழி என்று சொல்வது இதைத்தான். ஒளியைக் குவிக்கும் வேலை முழுவதும் உள்ளே இருக்கும் லென்சுடையது என்று நினைக்கிறோம். உண்மையில் கண்ணின் மொத்தத் திறனான சுமார் 60 டயாப்டரில் (டயாப்டர் என்பது பவரை அளக்கும் அலகு) 43 டயாப்டர் வரை இந்த மெல்லிய படலத்தின் வளைவிலிருந்தே வருகிறது. கிட்டப்பார்வை உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் கண் கொஞ்சம் நீளமாக இருக்கும். பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடும். கருவிழியின் நடுப்பகுதியைச் சற்றே தட்டையாக்கினால் பிம்பம் பின்னுக்குப் போய்த் திரையில் சரியாக விழும்.

எவ்வளவு தட்டையாக்க வேண்டும்? ஆறு மில்லிமீட்டர் அகல வட்டத்தில் ஒரு டயாப்டருக்குத் தோராயமாக 12 மைக்ரான். மைனஸ் நான்கு பவர் என்றால் 48 மைக்ரான். தலைமுடியின் தடிமன்கூட இல்லை! வருடக்கணக்காக மூக்கில் சுமந்த கண்ணாடிக்கு ஈடு அவ்வளவுதான்.

யாருக்குச் செய்யலாம், யாருக்குக் கூடாது என்பதும் இந்தக் கழித்தல் கணக்கில்தான் இருக்கிறது. கருவிழியின் நடுத் தடிமன் சராசரியாக 540 மைக்ரான். லேசிக்கில் முதலில் சுமார் 110 மைக்ரான் தடிமனில் ஒரு மடலை வெட்டித் திறப்பார்கள். அதற்கு அடியில் செதுக்கிவிட்டு மடலை மூடிவிடுவார்கள். செதுக்கிய பிறகு அடியில் குறைந்தது 250 மைக்ரான் மிஞ்ச வேண்டும். பல மருத்துவர்கள் 300 வேண்டும் என்பார்கள். மைனஸ் எட்டு பவர் உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குத் தடிமன் 550: மடலுக்கு 110, செதுக்கலுக்கு 96 போக 344 மிஞ்சும். இன்னொருவருக்கு 470: மிஞ்சுவது 264. அவருக்கு மருத்துவர் மறுப்புச் சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. சீவியது மீண்டும் வளராது. அளவு மீறி மெலிந்த கருவிழி, கண்ணின் உள்ளழுத்தம் தாங்காமல் முன்னுக்குப் பிதுங்கிப் பார்வையைக் கெடுக்கலாம்.

தடிமன் போதுமானதாக இருந்தும் வேண்டாம் என்று சொல்ல வைக்கும் ஒரு நோய் உண்டு. கருவிழி தானாகவே நலிந்து கூம்புபோலாகும் கெரட்டோகோனஸ். தொடக்கத்தில் அறிகுறியே இருக்காது. கருவிழியின் மேடுபள்ளங்களை வரைபடமாகக் காட்டும் டோபோகிராஃபி பரிசோதனை அதைப் பிடித்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் பரிசோதனைக்குச் சில நாட்கள் முன்பே, கெட்டி லென்ஸ் என்றால் சில வாரங்கள் முன்பே, அதை நிறுத்த வேண்டும். லென்ஸ் அழுத்திய கருவிழி பழைய வடிவத்துக்குத் திரும்பாவிட்டால் வரைபடம் பொய் சொல்லும். சிகிச்சையே சில நிமிடங்கள்தான். என்னைக் கேட்டால், எந்த இயந்திரம் என்று விசாரிப்பதைவிட இந்தப் பரிசோதனைகளை எவ்வளவு பொறுமையாகச் செய்கிறார்கள் என்று கவனிப்பது மேல்.

மடலை முன்பு நுண்கத்தியால் வெட்டினார்கள். இப்போது பல இடங்களில் அதற்கும் ஒரு லேசர் உண்டு: ஃபெம்டோசெகண்ட் லேசர். ஒரு ஃபெம்டோசெகண்டை ஒரு நொடியாக நீட்டினால், நம்முடைய ஒரு நொடி மூன்று கோடி ஆண்டுகளைத் தாண்டும். அத்தனை குறுகிய துடிப்புகள் கருவிழியின் மேற்பரப்பைத் தொந்தரவு செய்யாமல் கடந்து, குறித்த ஆழத்தில் மட்டும் குவிந்து, நுண்குமிழிகளை அருகருகே உண்டாக்குகின்றன. குமிழிகள் சேர்ந்த தளத்தில் மடல் பிரிகிறது. இத்தகைய துடிப்புகளுக்கு வழி திறந்த ஜெரார் மூருவும் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் 2018இல் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஸ்மைல் என்ற முறையில் மடலே கிடையாது. உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையைப் பிரித்து, சிறு கீறல் வழியாக உருவிவிடுகிறார்கள்.

“நடுவில் கண் அசைந்துவிட்டால்?” எல்லோரும் கேட்பது. கண்ணின் அசைவை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை பார்த்துக் கதிரையும் கூடவே நகர்த்தும் கருவி இருக்கிறது. கண் ரொம்ப விலகினால் லேசர் நின்றுவிடும். இதைவிட நுட்பமான சிக்கல் வேறு. உட்கார்ந்திருப்பவர் படுத்ததும் கண்கள் தம் அச்சில் சில டிகிரி சுழன்றுவிடுகின்றன! ஒரு திசையில் மட்டும் வளைவு கூடியிருக்கும் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு 10 டிகிரி பிசகினால் திருத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீணாகும். அதனால் உட்கார்ந்த நிலையில் கண்ணின் வண்ணத்திரையை (ஐரிஸ்) படமெடுத்து, படுத்த பிறகு அதன் கோடுகளோடு ஒப்பிட்டுச் சுழற்சியைச் சரிசெய்துகொள்கின்றன சில இயந்திரங்கள்.

இனி, விளம்பரப் பலகையில் இல்லாத சங்கதிகள். மடல் வெட்டும்போது கருவிழியின் நுண்ணரம்புகளும் அறுபடுகின்றன. கண்ணீரைச் சுரக்கச் சொல்லும் தகவல் அவற்றின் வழியாகத்தான் போகிறது. ஆகவே சில மாதங்களுக்குக் கண் உலர்ந்து உறுத்துவது சகஜம். சிலருக்கு அது நீடிக்கும். இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். மடல் பழைய வலுவோடு ஒட்டுவதில்லை, கண்ணைக் கசக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பதினெட்டு வயதாகி, ஓராண்டாவது பவர் மாறாமல் இருந்தால்தான் செய்துகொள்ளலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுவது நல்லது. நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வரத்தான் செய்யும். அது உள் லென்ஸ் இறுகுவதால் வருவது, கருவிழியைச் சீவி அதைத் தடுக்க முடியாது.

கண்ணாடி போனாலும் கண்ணின் நீளம் குறையவில்லை. அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு விழித்திரை கிழியும் ஆபத்து பழையபடியே இருக்கும், ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனையை விடக் கூடாது. இன்னொன்று: முப்பது ஆண்டு கழித்துக் கண்புரை வந்தால், பொருத்த வேண்டிய லென்சின் பவரைக் கருவிழியின் வளைவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். செதுக்கிய கருவிழி வழக்கமான சூத்திரத்தை ஏமாற்றிவிடும். சிகிச்சைக்கு முன் உங்கள் பவர், தடிமன், வளைவு என்னவாக இருந்தன என்ற தாள்கள் அன்றைக்கு உதவும். மருத்துவமனையில் கேட்டு வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.