பழைய பேரேட்டை எப்போது மூடுவது?

கரமனை ஆற்றை அடுத்த தெருக்களிலே தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. அங்கே பலசரக்குக் கடை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். முதலாளி கணிப்பொறி வாங்குகிறார்; நாள்வழியும் பேரேடும் அன்றே பரணுக்குப் போகின்றன. மாத முடிவில் கடன் நிலுவை பொருந்தவில்லை. குற்றம் பொறியினுடையதா? அன்று. யாருக்கு எவ்வளவு தவணை, எவருக்கு என்ன தள்ளுபடி என்பது கணக்குப்பிள்ளையின் நினைவில் மட்டுமே இருந்தது. அதைக் கேட்டு எழுதியவர் எவருமிலர்.

சிறு கடைக்கு நேர்வது பேரமைப்புக்கும் நேரும். வருமான வரி அறிக்கைகளை ஒரே நாளில் பரிசீலிக்கும் நோக்குடன், ஏறக்குறைய 4,242 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2021 ஜூன் முதல் ஆறு நாட்கள் பழைய இணையத்தளம் மூடப்பட்டது; ஏழாம் நாள் இன்போசிஸ் நிறுவனம் அமைத்த புதிய தளம் திறந்தது. பலரால் உள்ளே நுழையவும் இயலவில்லை. ஆகஸ்டில் இரண்டு நாள் தளமே முடங்கிற்று. அறிக்கை தருவதற்கான கெடு டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. பின்னர்த் தளம் சீர்பெற்றது. ஆயினும் இடைக்காலத் தொல்லையை வரி செலுத்துவோரே சுமந்தனர்.

பழையதும் புதியதும் சில திங்கள் அருகருகே நடைபெற வேண்டும். இரண்டின் ஐந்தொகையும் ஒத்துவந்த பின்னரே பழையதை மூடவேண்டும் என்பது நம் கருத்து. எழுதப்படாத விதிகள் அப்போதுதான் வெளிப்படும்.

பிற மாநிலங்களிலே பணிபுரியும் நேயர்களே! உங்கள் மேசைக்குப் புதிய மென்பொருள் வருமாயின், நீங்கள் அறிந்தவற்றைக் கேளாமலே எடுத்துச் சொல்லுங்கள். பொறிக்கு அனுபவம் இல்லை. அது உங்களிடம் உள்ளது.