போர்க்களம் காணும் மாணாக்கர்

1914-ல் மூண்ட மகாயுத்தத்தின் நூற்றாண்டை முன்னிட்டு, 2014 முதல் சில வருஷ காலம் இங்கிலாந்து தேசத்து ஸர்க்கார் தம் பொதுப் பள்ளிக்கூடங்களினின்று, பள்ளிக்கு இரு மாணாக்கரும் ஓர் உபாத்தியாயருமாக, பிரான்ஸ், பெல்ஜியம் போர்க்களங்களுக்குத் தம் செலவிலேயே அனுப்பினர். கடல் கடந்தறியாத பிள்ளைக்கு அந்நிய மண்ணில் கால் வைப்பதே ஒரு பாடம். ஈப்ரே நகரத்து மெனின் வாயிலில், கல்லறையற்ற 54,000-க்கு மேற்பட்டோரின் பெயர்களின் கீழ் நின்று இரவு எட்டு மணி எக்காளம் கேட்பதை எந்தப் புஸ்தகம் தரும்? இதை நாம் மனமார மெச்சுகிறோம்.

ஆனால் அவ்வாயிலில் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் உள. நெவ் ஷாப்பல் கிராமத்தில் 1915 மார்ச்சில் தாக்கிய சேனையில் ஏறக்குறையப் பாதி நம்மவர். 1927-ல் அங்கே திறந்த மண்டபம் 4,700-க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்களைத் தாங்கி நிற்கிறது. அந்நியக் கொடியின் கீழ் மடிந்தார்களாயினும் அவர்கள் நம் கிராமங்களின் புத்திரரல்லரோ? சந்திரனுக்குக் கலம் விடும் நம் ஸர்க்காருக்கு, பள்ளிக்கு இரு மாணாக்கரின் விமானச் சத்தமா பெருஞ்சுமை?