சந்தைக்கு வாராப் பொறிகள்

ஒரு பொருள் விற்பனைக்கு வருமுன் அதன் அமைப்பையும் இயக்கத்தையும் சோதித்தற்பொருட்டு ஆக்கப்படுவது முன்மாதிரி எனப்படும். வீடியோ விளையாட்டுப் பொறிகளுள் அந்நிலையிலேயே கைவிடப்பட்டன பல. அவற்றை ஆராய்வதாற் பயன் யாது?

மடு வீதி நிலையத்தைக் கடந்து தலைமன்னார் செல்லும் இருப்புப்பாதையை அறிந்த நமக்கு விடை எளிது. 1914இல் அது கப்பல் வழியாகவே இந்தியப் பாதையுடன் இணைந்தது. கடல்மேற் பாலம் அமைக்கும் எண்ணம் ஏட்டளவில் நின்றது. அவ்வெண்ணத்தை அறியாதவர்க்கு அப்பாதையின் வரலாறு முழுமையாக விளங்காது. பொறிகளுக்கும் இஃது ஒக்கும்.

சோனி, நின்டெண்டோ ஆகிய இரு யப்பானிய நிறுவனங்கள் 1988இல் உடன்பட்டு, குறுந்தட்டையும் ஏற்கும் பொறியொன்றை ஆக்க முயன்றன. 1991 யூனில் சோனி அதனை அறிவித்த மறுநாளே, நின்டெண்டோ பிலிப்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்தமையை வெளியிட்டது. உரிமப் பிணக்கால் முன்மாதிரி கைவிடப்பட்டது. ஆயினும் சோனி தனித்து முயன்று, 1994 டிசெம்பரில் 'பிளேஸ்டேஷன்' பொறியை விற்பனைக்குக் கொணர்ந்தது. எஞ்சிய முன்மாதிரியொன்று 2020இல் 3,60,000 அமெரிக்க டொலருக்கு ஏலம் போயிற்று.

சேகா நிறுவனம் 1993இற் காட்சிப்படுத்திய, தலையில் அணியும் மெய்நிகர்க் கருவியோ விற்பனைக்கு வரவேயில்லை. அதற்கென எழுதப்பட்ட விளையாட்டொன்றின் மூலநிரல் ஒரு குறுந்தட்டிற் கிடைத்தமையால், ஆய்வாளர் 2020இல் அதனை மீண்டும் இயக்கினர். அத்தட்டு குப்பையிற் சேர்ந்திருப்பின், அம்முயற்சியின் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கும்.

விற்ற பொறி மக்கள் எதனை ஏற்றனர் என்பதைக் கூறும். கைவிடப்பட்ட பொறி ஆக்கியோர் எதனை நாடினர், எங்கே தடைப்பட்டனர் என்பதைக் கூறும். ஆதலின் இவற்றைக் காத்தல் கற்றோர் கடனாம்.